மெதுவாத்தானே ஓடுறன்: கஞ்சா, வயது, வன்னி ரோட்டு

வன்னியில் இருட்டின பிறகு மோட்டார் சைக்கிள் ஓடுகிறவருக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டியது, மாடு எங்கே படுத்திருக்கும் என்பது. பகல் முழுக்கக் காய்ந்த தார் இரவிலும் சூடு ஆறாது, பற்றைக்குள்ளே நுளம்பு. ஆகவே கட்டாக்காலி மாடுகள் ரோட்டுக்கு வந்து படுத்துவிடும். பரந்தனிலிருந்து தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று முல்லைத்தீவுக்குப் போகும் பாதையிலும் இதுதான் நிலைமை. மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டானுக்குப் போகும் பாதையிலும் இதுதான். கறுத்த மாடு, கறுத்த தார், தெருவிளக்கு இல்லாத இடம். அறுவடைக் காலமென்றால் ரோட்டின் பாதியில் நெல் காயும், பின்விளக்கில்லாத லாண்ட் மாஸ்ரர் உழவு இயந்திரம் ஒன்று முன்னால் ஊர்ந்து போகும், எதிரே கொழும்பு பஸ் ஒன்று கண்ணைக் குருடாக்கும் வெளிச்சத்தோடு வரும்.

இந்த ரோட்டில்தான் ஒரு வாதம் கொஞ்ச வருடமாக ஓடித் திரிகிறது. "சாராயம் குடிச்சாத்தான் பிழை. கஞ்சா அடிச்சா மெதுவாத்தானே ஓடுறம்." பெடியள் சொல்வார்கள், ரிப்பர் லொறி ஓடுகிற அண்ணைமாரும் சொல்வார்கள், கஞ்சா சேர்ந்த லேகியம் தின்கிற அப்புமாரில் சிலரும் வேறு சொல்லில் அதையே சொல்வார்கள். ஊதிப் பார்க்கிற கருவி கஞ்சாவுக்கு ஒன்றும் காட்டாது என்பது இந்த வாதத்துக்குக் கிடைத்த உபரி. இதை முழுப்பொய் என்று தள்ளிவிட முடியாது என்பதுதான் சிக்கல். பாதி உண்மை. அந்தப் பாதி உண்மை எந்த வயதுக்காரனை எவ்வளவு தூரம் காப்பாற்றும் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதலில் மூளைக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பார்ப்போம். கஞ்சாவில் வெறியைக் கொடுக்கும் முக்கியப் பொருள் டி.எச்.சி. அதை 1964இல் ரஃபாயேல் மெக்கூலமும் யெகியேல் காவோனியும் இஸ்ரேலில் பிரித்தெடுத்து அதன் அமைப்பைச் சொன்னார்கள். அது போய் ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகள் நம் மூளையில் ஏற்கனவே இருக்கின்றன. அந்த ஏற்பிகளுக்காக உடம்பு தானே சுரக்கும் பொருளை 1992இல் கண்டுபிடித்தபோது, 'ஆனந்தம்' என்ற சொல்லை எடுத்து 'ஆனந்தமைட்' என்று பெயர் வைத்தார்கள். ஜெருசலேமில் நடந்த ஆய்வுக்கு நம் கோயில் வாசலில் புழங்குகிற சொல். கோரக்கர் மூலி என்று சித்த வைத்தியம் கஞ்சாவுக்கு ஒரு சித்தரின் பெயரையே கொடுத்திருக்கும்போது இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்களும் உண்டு.

அந்த ஏற்பிகள் எங்கே நெருக்கமாக இருக்கின்றன என்பதுதான் வண்டி ஓடுகிறவருக்கு முக்கியம். உடம்பின் சமநிலையையும் அசைவின் அளவையும் பார்த்துக்கொள்ளும் சிறுமூளை, பழகின அசைவுகளைத் தானாக ஓட்டும் அடிமூளைப் பகுதிகள், சற்றுமுன் கண்டதை நினைவில் வைக்கும் பகுதி, 'பொறு, யோசி' என்று தடுக்கும் முன்மூளை. ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஒருவனுக்கு இந்த நாலும் ஒரே நேரத்தில் வேண்டும்.

சாராயம் முதலில் கெடுப்பது தீர்மானத்தை. குடித்தவனுக்குத் தன்மேல் நம்பிக்கை கூடும், வேகம் கூடும், முந்திப் போவான். கஞ்சா அதிகம் கெடுப்பது நாம் யோசிக்காமலே செய்கிற வேலைகளை: பாதையின் ஓரத்திலிருந்து ஒரே இடைவெளியில் போவது, முன்னால் போகும் வாகனத்தின் வேகத்துக்கு ஏற்ப விரல் தானாகப் பிரேக்கைத் தேடுவது. நேரமும் இழுபட்டுத் தெரியும். 40இல் போகிறவனுக்கு 60இல் போவதுபோல இருக்கும். 'எனக்கு ஏறியிருக்கு' என்று அவனுக்குத் தெரியும். ஆகவே வேகத்தைக் குறைப்பான், இடைவெளி விடுவான், ரோட்டையே வெறித்துப் பார்ப்பான். வெறிக்காரன் பறப்பான், கஞ்சாக்காரன் ஊருவான் என்று சொல்வது இதைத்தான். ஆய்வுகூடங்களும் இதை ஒத்துக்கொள்கின்றன. ரொறன்ரோவில் 19 முதல் 25 வயதுக்காரர்களைக் கஞ்சா புகைக்க வைத்து, கார் ஓடுவதுபோன்ற பாவனை இயந்திரத்தில் உட்கார்த்திப் பார்த்தபோது, அரை மணித்தியாலத்தில் அவர்களின் வேகம் குறைந்திருந்தது.

இதை நம் ஊர்ச் சொல்லில் 'சமாளிப்பு' என்று வைத்துக்கொள்ளலாம். தானாக நடக்க வேண்டிய வேலையை இப்போது முழுக் கவனத்தையும் செலவழித்து நடத்துகிறான். அந்தக் கவனம் ஒரு கைமுதல். அதில் பெரும்பங்கை வண்டியை நேராக வைத்திருக்கவே கொடுத்துவிட்டால், மாடு எழும்பும் நேரத்தில் கொடுக்க மிச்சம் என்ன இருக்கும்? மணிக்கு 60 கிலோமீற்றரில் போகிற வண்டி ஒரு வினாடியில் கிட்டத்தட்ட 17 மீற்றர் போகும். அரை வினாடி பிந்திப் பிரேக் பிடித்தால் 8 மீற்றர் போச்சு. நாலு மோட்டார் சைக்கிளை வரிசையாக நிறுத்துகிற நீளம் அது.

வயது வந்து நிற்கும் இடமும் இதுதான். கஞ்சா எல்லா வயதிலும் அதே இடங்களில்தான் கை வைக்கிறது. சமாளிக்கக் கையிலிருக்கும் முதல்தான் வயதுக்கு வயது வேறு.

இளசுகளிடமிருந்து தொடங்குவோம். 18 வயதுப் பெடியனின் கண் கூர்மை, கை வேகம். அதை வைத்தே அவனுக்கு எதுவும் ஆகாது என்று நினைப்போம். ஆனால் ரோட்டை வாசிக்கிற பழக்கம் அவனுக்கு இன்னும் தானாக வரவில்லை. 20 வருடம் ஓடினவருக்கு ஒழுங்கையிலிருந்து ஒரு பந்து உருண்டு வந்தால் பின்னால் பிள்ளை வரும் என்பது யோசிக்காமலே தெரியும். புதியவன் வெறியில்லாமல் இருக்கும்போதே இதற்கு முழுக் கவனத்தையும் கொடுத்தாக வேண்டும். 'பொறு' என்று தடுக்கும் முன்மூளை 25 வயதளவில்தான் முழுதாக முற்றும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மொன்றியலில் மக்கில் பல்கலைக்கழகம் 18 முதல் 24 வயதான, எப்போதாவது புகைக்கிறவர்களை வைத்துச் செய்த ஆய்வு 2018இல் வந்தது. ஒருமுறை இழுப்பதற்கு 100 மில்லிகிராம் கஞ்சா. பிறகு 1 மணித்தியாலம், 3 மணித்தியாலம், 5 மணித்தியாலம் என்று பார்த்தார்கள். குறுக்கீடு எதுவும் இல்லாத நேர்ப்பாதை ஓட்டத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. கவனத்தைச் சிதறடிக்கும் சூழலை, நிஜ ரோட்டில் வருகிற மாதிரியான இடைஞ்சல்களை வைத்தவுடன் ஓட்டம் சறுக்கியது. 5 மணித்தியாலம் கழித்தும் சறுக்கல் இருந்தது. தங்களுக்கே பாதுகாப்பாக ஓடலாம் என்ற நம்பிக்கை குறைந்திருந்ததாகவும் பலர் சொன்னார்கள்.

இதை வன்னிக்குக் கொண்டுவந்து பாருங்கள். ஏ9 பாதை புளியங்குளத்துக்கும் மாங்குளத்துக்கும் நடுவே நேராக நீண்டு கிடக்கும்போது பெடியன் 'பார், நல்லாத்தானே ஓடுறன்' என்பான். சொல்வது உண்மையாகவும் இருக்கும். கிளிநொச்சிச் சந்தைப் பக்கம், பள்ளிக்கூடம் விடும் நேரம், பின்னால் இரண்டு பேர், மடியில் போன். அதுதான் சோதனை.

இளவயது பற்றி எனக்கு இன்னும் உறைக்கிற ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவின் மக்லீன் மருத்துவமனை ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்டது. நெடுநாளாகக் கடுமையாகப் புகைக்கிறவர்களை, குறைந்தது 12 மணித்தியாலம் புகைக்காமல் வரச் சொல்லி, தெளிவாக இருக்கும்போது ஓடவைத்தார்கள். புகைக்காதவர்களைவிட அவர்கள் கூடுதலாக மோதினார்கள், வேகமாகப் போனார்கள், சிவப்பு விளக்கைக் கூடுதலாகத் தாண்டினார்கள். வெறி இறங்கின பிறகும் இப்படி. அந்தக் கூட்டத்தைப் பிரித்துப் பார்த்தபோது, பழுது பெரும்பாலும் 16 வயதுக்கு முன் தொடங்கினவர்களிடம்தான் இருந்தது. பிந்தித் தொடங்கினவர்கள் புகைக்காதவர்களிலிருந்து அவ்வளவாக வேறுபடவில்லை. முன்பின் யோசியாமல் பாய்கிற குணம்தான் இடையில் நின்று இதை விளக்கியது. அந்தக் குணத்தைக் கஞ்சா கொண்டுவந்ததா, அந்தக் குணமுள்ளவன்தான் 16க்கு முன் கஞ்சாவைத் தேடிப் போனானா என்று இந்த ஒரு ஆய்வை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. எதுவானாலும் ரோட்டில் வருகிறவன் ஒருவனே. கவனியுங்கள்: இங்கே 'மெதுவாத்தானே ஓடுறன்' என்ற வாதம் செத்துவிடுகிறது. புகைத்த வேளையில் அவனை மெதுவாக்கிய அந்தப் பயம், புகைக்காத வேளையில் இல்லை. 'எத்தனை வயதில் ஓடுகிறாய்' என்பதோடு 'எத்தனை வயதில் தொடங்கினாய்' என்பதையும் கேட்கவேண்டியிருக்கிறது. 14 வயதில் ரியூசன் கொட்டிலுக்குப் பின்னால் தொடங்கியவனுக்கு இந்தக் கேள்வியை யாரும் போடுவதில்லை.

நேர்மையாக இன்னொன்றும் சொல்லவேண்டும், ஏனென்றால் இதை எடுத்துக்கொண்டு வாதாடுகிறவர்கள் உண்டு. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2015இல் ஒரு ஆய்வு வெளியிட்டது. வேர்ஜீனியா பீச் நகரில் விபத்தில் சிக்கிய 3,000க்கு மேற்பட்ட ஓட்டுநர்களை, விபத்தில் சிக்காத 6,000க்கு மேற்பட்டவர்களோடு ஒப்பிட்டது. முதலில் பார்த்தால் டி.எச்.சி. இருந்தவர்களுக்கு விபத்து ஆபத்து 25 சதவீதம் கூட. வயது, ஆண் பெண், மது என்று ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தபோது அந்த மிகுதி கரைந்துபோனது. 'பார், கஞ்சாவால் ஒன்றுமில்லை' என்று இதைக் காட்டுவார்கள். நான் வேறு விதமாக வாசிக்கிறேன். கஞ்சா புகைக்கிறவர்களும் விபத்துக்குள்ளாகிறவர்களும் பெரும்பாலும் ஒரே ஆட்கள்: இளம் ஆண்கள். எது எதனால் என்று பிரிக்கமுடியாத அளவுக்கு வயது இதற்குள் பின்னிக் கிடக்கிறது. பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணித்தவர்களுக்குள்ளும் ஒத்த கருத்து இல்லை. 2012இல் ஒரு தொகுப்பு ஆபத்து ஏறக்குறைய இரு மடங்கு என்றது, 2016இல் மற்றொன்று இன்னும் குறைவான மிகுதி என்றது. மது கொண்டுவரும் ஆபத்துக்கு இது கிட்டவும் வராது என்பதில் மட்டும் இரு தரப்புக்கும் சண்டையில்லை. ஆனால் வன்னியில் தனிக் கஞ்சா எங்கே இருக்கிறது? பின்னேரம் கள்ளு, பிறகு ஒரு இழுப்பு. இரண்டும் சேர்ந்தால் வண்டியின் ஊசலாட்டமும் ஒன்றோடொன்று கூடிவிடும் என்று அயோவாப் பல்கலைக்கழகத்தின் பாவனை இயந்திர ஆய்வு காட்டியது. கஞ்சா கொடுத்த பயத்தைக் கள்ளு பறித்துவிட, மெதுவும் போய்விடும்.

நடுவயது. இங்கே கதை வேறு. யுத்தம் முடிந்த 2009இல் 20 வயதாக இருந்தவர்கள் இன்று நாற்பதை நெருங்குகிறார்கள். செல் துண்டு உடம்பிலேயே கிடக்க, இல்லாத காலில் நோவு எடுக்க, நித்திரை வராமல், புகையில் போய் நிற்கிறவர்களும் இந்த வயதுக்குள்தான் இருக்கிறார்கள். இவர்களைக் 'கஞ்சாக்காரர்' என்று ஒரே சாக்கில் போட்டுக் கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அமெரிக்க தேசிய அறிவியல் கல்விக்கழகங்கள் 2017இல் வெளியிட்ட பெரிய அறிக்கை, வளர்ந்தவர்களின் நாட்பட்ட நோவுக்குக் கஞ்சா உதவுகிறது என்பதற்குக் கணிசமான சான்று இருப்பதாகச் சொன்னது. வாகன விபத்து ஆபத்தைக் கூட்டுகிறது என்பதற்கும் கணிசமான சான்று இருப்பதாக அதே அறிக்கை சொன்னது. இரண்டு வரியும் ஒரே மனிதனின் தலையில் வந்து விழுகின்றன. நோவுக்கென்று கிளினிக்கில் கொடுக்கும் பிரிகபாலின் போன்ற மாத்திரையும் தூக்கத்தைக் கொடுப்பதுதான். அதற்கு மேல் புகை.

நாள்தோறும் புகைக்கிறவருக்கு உடம்பு பழகிவிடும், தடுமாற்றம் குறையும் என்பது உண்மை. நடுவயதுக்காரரின் கைமுதலும் மூன்று வயதுகளில் பெரியது: ரோட்டு அனுபவமும் இருக்கிறது, உடம்பும் இன்னும் தளரவில்லை. இவருடைய பிழை மணிக்கூட்டில். கலிபோர்னியாவின் சன் டியேகோவில் வழக்கமாகப் புகைக்கிற 191 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2022இல் வந்தது. அரை மணித்தியாலத்திலும் ஒன்றரை மணித்தியாலத்திலும் ஓட்டம் கெட்டிருந்தது. மூன்றரையில் இழுபறி. நாலரை மணித்தியாலத்தில் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் ஒன்றரை மணித்தியாலத்திலேயே பலர் 'இறங்கிட்டுது, ஓடலாம்' என்று எண்ணத் தொடங்கிவிட்டார்கள். ஓட்டமோ இன்னும் திரும்பவில்லை. பழக்கம் தடுமாற்றத்தைக் குறைத்ததோ இல்லையோ, தடுமாற்றம் தெரிகிற உணர்வை முந்திக் குறைத்துவிட்டது. மணல் ரிப்பர் ஓடுகிறவருக்கு ஒன்றரை மணித்தியாலம் என்பது ஒரு லோட் ஏற்றி இறக்குகிற நேரம்.

இனி மூப்பு. இதைப் பற்றி ஊரில் பேச்சே இல்லை, கஞ்சா என்றால் பெடியள் என்றுதான் நினைப்பு. ஆனால் லேகியத்தில் கஞ்சா சேர்வது சித்த, ஆயுள்வேத வைத்தியத்தில் பழைய சங்கதி. பசிக்கு, நித்திரைக்கு, வயிற்றுக்கு என்று இரவில் ஒரு உருண்டை போடுகிறவர்கள் விடிய வயலுக்கு மோட்டார் சைக்கிளில் போகிறவர்களும்தான். கனடாவில் 2018 ஒக்ரோபர் 17இல் சட்டம் மாறிய பிறகு அங்கே வயதானவர்கள் கஞ்சா பாவிப்பது ஆய்வாளர்களின் கண்ணில் பட்டது. ரொறன்ரோவில் 65 முதல் 79 வயதான, ஏற்கனவே புகைக்கும் பழக்கமுள்ளவர்களை வைத்து ஒரு ஆய்வு செய்து 2024இல் வெளியிட்டார்கள். அரை மணித்தியாலத்தில் அவர்கள் வேகத்தைக் குறைத்தார்கள். குறைத்தும் வண்டி கோட்டுக்குள் அங்குமிங்கும் கூடுதலாக அலைந்தது. 3 மணித்தியாலத்தில் அது காணப்படவில்லை. அரை மணித்தியாலத்தில் இப்போது ஓடமாட்டேன் என்று சொன்னவர்களும் கூடினார்கள்; நடுவயதுக்காரரைவிட அப்புமார் இந்த விசயத்தில் புத்திசாலி என்று வைத்துக்கொள்ளலாம்.

அவர்களிடம் சமாளிக்கிற மனம் இருக்கிறது, முதல் குறைவு. 60 வயதுக் கண்ணின் உட்திரைக்குப் போகும் வெளிச்சம் 20 வயதுக் கண்ணுக்குப் போவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. எதிர் வெளிச்சத்தில் கண் கூசித் திரும்பத் தெளிய எடுக்கும் நேரமும் வயதோடு கூடும். பிரசருக்கும் சீனிக்கும் குடிக்கிற குளிசைகளோடு கஞ்சா சேர்ந்தால், எழும்பும்போது இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கித் தலை சுற்றலாம். டி.எச்.சி. கொழுப்பில் தங்குகிற பொருள். வயதோடு உடம்பில் தசை குறைந்து கொழுப்பின் பங்கு கூடுகிறது, ஈரலின் வேலையும் மெதுவாகிறது. காரில் கோடு விலகுவது ஒரு அளவீடு. மோட்டார் சைக்கிளில் அதுவே சமநிலை. இந்த ஆய்வுகள் நாலு சில்லு வண்டியின் பாவனையில் நடந்தவை என்பதை மறந்துவிடக்கூடாது. இரண்டு சில்லில் நிமிர்ந்து நிற்பதே சிறுமூளையின் வேலை.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது? இலங்கையில் கஞ்சாவை வைத்திருப்பதே 1929ஆம் ஆண்டின் நஞ்சு, அபின், அபாயகர ஒளடதங்கள் கட்டளைச் சட்டத்தின்படி குற்றம். மோட்டார் போக்குவரத்துச் சட்டம் மதுவோடு போதைப்பொருள் பாவித்து ஓடுவதையும் தடுக்கிறது. மதுவுக்கு 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் என்று ஒரு அளவுக்கோடு உண்டு. கஞ்சாவுக்கு அப்படி ஒரு கோடு போடுவது உலகத்தில் எவருக்கும் இலகுவாக இல்லை. புகைத்து ஒரு மணித்தியாலத்துக்குள்ளேயே இரத்தத்தில் டி.எச்.சி. பெருமளவு இறங்கிவிடும், தடுமாற்றமோ தொடரும். சிறுநீரில் அதன் கழிவு நாட்கணக்கில், கடுமையாகப் புகைக்கிறவருக்கு வாரக்கணக்கில் நிற்கும், தடுமாற்றம் எப்போதோ போயிருக்கும். சன் டியேகோ ஆய்விலும் ரொறன்ரோ முதியவர் ஆய்விலும் இரத்தத்தில் எவ்வளவு இருந்தது என்பதற்கும் எவ்வளவு மோசமாக ஓடினார்கள் என்பதற்கும் தொடர்பு கிடைக்கவில்லை. ஆகவே எண்ணை நம்பமுடியாத இந்த இடத்தில் மணிக்கூட்டைத்தான் பார்க்கவேண்டியிருக்கிறது.

அந்த மணிக்கூடும் புகைக்கு ஒன்று, தின்பதற்கு ஒன்று. புகை சில நிமிடத்தில் ஏறும், அரை மணித்தியாலத்தில் உச்சம். ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த சிட்னிப் பல்கலைக்கழகத்தார் 2021இல் சொன்ன கணக்கு 3 முதல் 10 மணித்தியாலம். எவ்வளவு, எப்படி, எவ்வளவு பழக்கம் என்பதைப் பொறுத்தது. தின்றால் ஏறவே அரை மணித்தியாலத்திலிருந்து 2 மணித்தியாலம் வரை எடுக்கும். ஏறவில்லையே என்று இன்னொரு உருண்டை போடுவது அந்த இடைவெளியில்தான். பிறகு இறங்கவும் அதிக நேரம். இரவு 7 மணிக்கு ஒன்று, ஏறவில்லை என்று 8 மணிக்கு மற்றொன்று, 10 மணிக்கு அசந்த நித்திரை. யானை வந்துவிட்டது என்று 1 மணிக்குப் பக்கத்து வளவிலிருந்து வெடிச்சத்தம். அப்பு எழும்பி ரோர்ச்சைத் தேடுகிறார், மோட்டார் சைக்கிள் திறப்பைத் தேடுகிறார். இரண்டாவது உருண்டை போட்டு 5 மணித்தியாலம்.